பழைய பொக்லைனில் மறைத்த பழுது: ஒயரிங்கை மாற்றும் முன்

கேள்வி: நாமக்கல் அருகே வசிக்கிறேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு ஜேசிபி இருக்கிறது; இரண்டு ஆபரேட்டர்கள் வேலை செய்கிறார்கள். பழைய வண்டிகளை வாங்கி விற்பவர் ஒருவரிடம் 20 டன் பொக்லைன் ஒன்றை 22 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். 18 லட்சம் கொடுத்துவிட்டேன். மீதி 4 லட்சத்துக்குப் பின்தேதியிட்ட காசோலை தந்தேன். விற்றவர் என் மைத்துனரின் நண்பர், கோயிலில் வைத்துத்தான் சாவி கொடுத்தார். மூன்றாவது வாரமே குவாரியில் இன்ஜின் கொதித்துவிட்டது. மானிட்டரோ வெப்பநிலையைச் சாதாரணமாகவே காட்டியது. சென்சாருக்குப் போகும் ஒயரில் ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை உண்டாக்கும் சிறு பாகம்) பற்றவைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்ததை மெக்கானிக் கண்டுபிடித்தார். அதை எடுத்துவிட்டுப் புதுச் சென்சார் போட்டார். அதன்பின் மானிட்டரில் வேறு கோடுகள் (பழுதைக் காட்டும் குறியீடுகள்) வருகின்றன, இழுவையும் இல்லை. பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் சொல்லிவிட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மோசடிப் புகார் கொடுக்கலாமா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? ஒயரிங் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: முதலில் ஒயரிங் வேலையை நிறுத்துங்கள்.

மைத்துனரின் நட்பும் கோயிலில் வாங்கிய சாவியும் உங்களுக்கு எவ்வளவு வலித்தாலும் வழக்குக்கு உதவாது. உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான பொருள் அந்த ரெசிஸ்டர் ஒன்றுதான். சென்சார் தானாகக் கெட்டிருந்தால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் கைகழுவிவிடலாம். பற்றவைத்து டேப் சுற்றிய ரெசிஸ்டர் தேய்மானத்தால் வந்ததல்ல. சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும். அதைப் பார்த்துத்தான் ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, வெப்பநிலையை அறிகிறது. நிலையான ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்தால், இன்ஜின் கொதித்தாலும் மானிட்டர் சாதாரண அளவைத் தாண்டாது. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 17-இன்படி மோசடி. விற்பனைக் கடிதத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதியிருந்தாலும் மோசடிக்கு அது கவசம் ஆகாது.

முந்தைய உரிமையாளர் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று விற்றவர் சொல்வார். அவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், அவர் இதே வியாபாரம் செய்பவர் என்பதால் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்னும் சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16(2) உங்களுக்குக் கைகொடுக்கும். ‘உள்ளது உள்ளபடி’ வாசகம் இருந்தால் இந்த வழி மட்டும் அடைபடக்கூடும். எனவே கடிதத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

மோசடிப் புகார் கொடுத்தால், இது சிவில் விவகாரம் என்றுதான் பெரும்பாலும் காவல் நிலையத்தில் எழுதித் தருவார்கள். நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குப் பொருந்தாது. தன் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுபவரை, ஓரிருவரை உதவிக்கு வைத்திருந்தாலும், நுகர்வோராக ஏற்கலாம் என்று 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்களோ இரண்டாவது வண்டி வாங்கி ஆபரேட்டர்களை வைத்து ஓட்டுகிறீர்கள். வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

இனி நான் உண்மையில் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். அந்த ரெசிஸ்டர் இப்போது எங்கே இருக்கிறது? மெக்கானிக்கின் சட்டைப்பையிலா, குப்பையிலா? நல்ல வழக்குகள் பட்டறைத் தரையில் வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பல கட்சிக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். பழைய ஒயர்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கையில் ஒரு பில்லோடு வருவார்கள். பழுதை உண்டாக்கியது நீங்களே என்று காட்டக் குறுக்கு விசாரணையில் கேள்விகள் இப்படி வரும்: பேட்டரியைக் கழற்றாமல் பக்கெட்டில் வெல்டிங் வைத்தீர்களா? 24 வோல்ட் வண்டிக்கு ஜம்ப் கேபிளை மாற்றிக் கொடுத்தீர்களா? கனெக்டர்களில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினீர்களா? இவை ஒவ்வொன்றும் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கக்கூடியவை. அதனால் நீதிபதியும் நம்புவார்.

இதற்குப் பதில் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. பல தயாரிப்புகளில் ஒவ்வொரு கோடும் எத்தனையாவது மணி நேரத்தில் முதலில் வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்பதை ஈசியு பதிந்து வைக்கும். வண்டி கைமாறிய நாளில் ஹவர் மீட்டர் 9,140 காட்டியிருந்து, கோடு 8,600-இலேயே முதலில் வந்திருந்தால், அந்த ஒரு தாள் பத்துச் சாட்சிகளுக்குச் சமம். ஆனால் லேப்டாப்பை மாட்டியதும் மெக்கானிக் முதலில் செய்வதே கோடுகளை அழிப்பதுதான்.

பிரஷர் சென்சாரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். எங்கோ ஓர் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் எல்லாச் சென்சார்களும் சேர்ந்து தவறாகக் காட்டும். அப்போது சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. அந்த உரசல் பழையதாக இருக்கலாம். உங்கள் மெக்கானிக் ரெசிஸ்டரை வெட்டியபோது நேர்ந்ததாகவும் இருக்கலாம். ரெசிஸ்டரையும் இந்த உரசலையும் ஒரே புகாராகக் கட்டினால், இரண்டாவதை உடைத்து முதலாவதையும் சேர்த்து உடைப்பார்கள். ரெசிஸ்டரைத் தனியாகவே நிறுத்துங்கள்.

தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலிருந்து ஆளை வரவழையுங்கள். எதையும் அழிக்காமல் கோடுகளை எடுத்து, வண்டியின் வரிசை எண், மணிக்கணக்கு, தேதியோடு லெட்டர்ஹெட்டில் தரச் சொல்லுங்கள். அந்த நாளையும் நேரத்தையும் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் முன்கூட்டியே தெரிவியுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்கு நல்லதே. கழற்றிய பாகங்களை உறையிலிட்டு, மெக்கானிக்கிடமும் சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். செல்போன் வீடியோவுக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவை.

பதிவு முடிந்ததும் தாமதிக்காமல் பழுதைச் சரிசெய்யுங்கள். ஆதாரத்துக்காக வண்டியை ஆறு மாதம் நிறுத்திவைத்து, அத்தனை மாத வாடகையையும் நஷ்டமாகக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 அதற்கு இடம் தராது. குறைத்திருக்கக்கூடிய நஷ்டத்தை நீதிமன்றம் கழித்துவிடும். வண்டியைத் திருப்பிக் கொடுத்து 18 லட்சத்தையும் வாங்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பழுது தெரிந்த பின்னும் வேலைக்கு ஓட்டியிருந்தால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

எல்லாவற்றையும்விட அவசரமானது காசோலை. பணம் தராமல் நிறுத்தச் சொன்னாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 பாயும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். ரெசிஸ்டர் விவரத்தை எழுதி அதற்குள் பதில் அனுப்புங்கள். பேசாமல் இருந்தால், கடன் உண்டு என்ற அனுமானத்தோடு குற்றவியல் வழக்கில் நிற்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தண்டனை இரண்டு ஆண்டு வரை, அபராதம் காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். விலையைக் குறைத்துக் கேட்கும் உரிமையைச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 59 தருகிறது. குறைக்க வேண்டிய 4 லட்சம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. வணிக வழக்காகப் போட்டாலும், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, முதலில் சமரச மையத்தில்தான் உட்கார வேண்டும். இன்ஜின் பழுதையும் சேர்த்து சர்வீஸ் மையத்தின் மதிப்பீட்டை வாங்குங்கள். அது 4 லட்சத்தை ஒட்டி வந்தால், காசோலையும் பழுதும் ஒன்றுக்கொன்று நேர் என்று முடித்துவிடுங்கள். ஆனால் மைத்துனர் வீட்டில் வாய்ப்பேச்சாக முடிக்காதீர்கள். முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அசல் காசோலையும், நோட்டீஸைத் திரும்பப் பெறும் கடிதமும் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும்.