அழாத குறை

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மகனிடம் வீட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்கும் தந்தையைப் பற்றி 'ஹீ ஆல் பட் வெப்ட்' என்று ஒரு வரி வருகிறது. நான் 'அவர் அழுதேவிட்டார்' என்று எழுதினேன். 'ஆல் பட் என்றால் அதைத் தவிர எல்லாம், அவர் அழவே இல்லை' என்று சொல்லி நண்பர் ஒருவர் 'ஏறக்குறைய அழுதார்' எனத் திருத்தினார். எனக்கு அது ஒட்டவில்லை. எது சரி? நடக்காத ஒன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பொருளைப் பிடித்தவர் நண்பர். தமிழ் இடறுகிறது என்று கண்டுகொண்டவர் நீங்கள். 'ஏறக்குறைய' பெரும்பாலும் எண்ணிக்கையோடு ஒட்டுகிற சொல். ஏறக்குறைய நூறு பேர் வந்தார்கள் என்போம். ஏறக்குறைய அழுதார் என்றால், எத்தனை சொட்டு என்று கேட்கத் தோன்றுகிறது.

நீங்கள் தேடும் சொல் உங்கள் வீட்டிலேயே புழங்குகிறது. 'அழாத குறையாகக் கேட்டார்.' காலில் விழாத குறையாகக் கெஞ்சினான், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாத குறை என்றெல்லாம் தினமும் சொல்கிறோம். ஆல் பட் செய்வதும் இதே கழித்தல் கணக்குதான். குரல் கம்மிவிட்டது, கண் கலங்கிவிட்டது, உதடு துடிக்கிறது. கண்ணீர் மட்டும் பாக்கி. இரண்டு மொழிகள் இப்படி ஒரே கணக்கைப் போடுவது அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. போர் 'ஆல் பட் ஓவர்' என்று வந்தால் 'முடிந்த மாதிரிதான்' என்றுதான் எழுத வேண்டும்.

எத்தனை சொற்கள் என்பதைவிட, ஆள் கடைசியில் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 'ஆல்மோஸ்ட்' பாஸ் செய்தவன் பெயில். 'பேர்லி' பாஸ் செய்தவன் பாஸ், நம் பிள்ளைகள் சொல்லும் ஜஸ்ட் பாஸ். இருவருக்கும் நடுவில் ஒரு மதிப்பெண்தான் இருக்கும், ஆனால் ஒருவன் வீட்டில் பாயசம், இன்னொருவன் வீட்டில் திட்டு. எதிர்மறை சேர்ந்தால் இன்னும் குழப்பம். ஒரு கூட்டத்தில் வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் 'ஐ நியர்லி டிடின்ட் கம்' என்று பேச்சைத் தொடங்கினார். மேடையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான் பதற்றத்தில் 'கிட்டத்தட்ட நான் வரவில்லை' என்றேன். எதிரில் நிற்கும் மனிதர் கிட்டத்தட்ட வரவில்லையாம்! முன்வரிசைச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 'வராமல் போகத் தெரிந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். அது இரவு பதினொரு மணிக்குத்தான் தோன்றியது.

'நியர்லி' விழுந்தேன் என்பதற்கு நம்மிடம் 'விழப் பார்த்தேன்' இருக்கிறது. யாராவது விழ முயற்சி செய்வார்களா? தமிழில் செய்வார்கள். சுவர்கூட விழப் பார்க்கும்.

நாம் இப்படி வினையிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்துக்கோ இடைவெளியை அளந்து காட்டுவதில் ஓர் ஆசை. மயிரிழை அங்கேயும் உண்டு. அது போதாமல் பூனையின் மீசைமுடி, சவரக்கத்தி, பகடையில் மிகச் சிறியதான ஒற்றைப் புள்ளி என்று எதையெல்லாமோ அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். பல்லுக்கு ஏது தோல்? ஆனாலும் 'பல்லின் தோலால் தப்பினேன்' என்பார்கள். அது பைபிளில் வரும் யோபுவின் புலம்பல், யோபு புத்தகம் 19ஆம் அதிகாரம். குதிரைப் பந்தயத்தில் இந்த அளவுகளை அதிகாரபூர்வமாகவே அறிவிக்கிறார்கள்: மூக்கு, குறுந்தலை, தலை, கழுத்து. ஒரு மூக்கு வித்தியாசத்தில் தோற்றது என்றால் அது கேலி இல்லை, முடிவுப் பட்டியல்.

வாட்டர்லூ போர் முடிந்த மறுநாள், 1815 ஜூன் 19 அன்று, பிரஸ்ஸல்ஸில் தாமஸ் கிரீவி என்பவரிடம், நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பேசியது இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. வாழ்நாளில் இவ்வளவு நெருக்கத்தில் முடிந்த ஒன்றை நீர் கண்டிருக்கமாட்டீர் என்றார். அதே மூச்சில் அதை 'நைஸ்' என்றும் சொன்னார். 'நல்ல போர்' என்று மொழிபெயர்த்தால் தொலைந்தோம். அந்தக் காலத்து நைஸுக்கு நுண்ணியது என்று ஒரு பொருள் இருந்தது. நூலிழையில் வென்றோம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குதிரையின் பெயர். லிவர்பூல் அருகே ஐன்ட்ரீயில் 1956இல் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், எலிசபெத் ராணியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக் முப்பது தடைகளையும் தாண்டிவிட்டது. முன்னால் எந்தக் குதிரையும் இல்லை. எல்லைக்கோட்டுக்கு ஐம்பது கஜம்கூட இருக்காது, வெறும் புல்தரை. திடீரென்று இல்லாத தடையைத் தாண்டுவதுபோல் எழும்பியது, முன்னங்கால்களை நீட்டி வயிறு தரையில் படச் சரிந்தது. பின்னால் வந்த ஈ.எஸ்.பி. தாண்டிப் போய் ஜெயித்தது. ஏன் விழுந்தது என்று இன்னும் பேசுகிறார்கள். மேலே இருந்த டிக் பிரான்சிஸ் பிற்பாடு துப்பறியும் நாவலாசிரியராகப் புகழ்பெற்றார். பிரிட்டனில் யாராவது கடைசி நொடியில் சொதப்பினால் 'டெவன் லாக் பண்ணிவிட்டான்' என்பது வழக்கமாகிவிட்டது. நமக்கு வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது மாதிரி.

அமெரிக்கர்கள் இதற்கு 'நெருங்கினாய், ஆனால் சுருட்டு இல்லை' என்பார்கள். ஒரு காலத்தில் அங்கே திருவிழாக் கடைகளில் குறி தப்பாமல் எறிந்தவனுக்குச் சுருட்டுதான் பரிசு. இதை அப்படியே தமிழில் போட்டால் வாசகருக்குப் புகை மட்டும்தான் தெரியும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இருக்கிறதே.

நாமே கடன் வாங்கித் திருகிய 'ஜஸ்ட் மிஸ்' மட்டும் தனி ரகம். பஸ்ஸைத் தவறவிட்டவனும் ஜஸ்ட் மிஸ் என்கிறான், லாரியில் அடிபடாமல் பிழைத்தவனும் ஜஸ்ட் மிஸ் என்கிறான். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது அவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, உங்கள் கதை அச்சுக்குப் போகவில்லை என்றால் அந்த வரியை 'அழாத குறையாகக் கேட்டார்' என்று மாற்றிவிடுங்கள். அடுத்த பத்தியில் அவர் நிஜமாகவே அழுகிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே 'அழுதேவிட்டார்' என்று போட்டுவிட்டால், அங்கே சிந்த அவரிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.