முகநூலில் அரசியல் பேசலாமா, சண்டைதான் போடலாமா? ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் பதில் சொல்கிறார்

கடலூரில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக முப்பத்தொரு வருடம் இருந்தேன். இரண்டு தரப்பும் பேசப் பேச எழுத வேண்டும், அவ்வளவுதான், என் கருத்தை யாரும் கேட்டது கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க ஓய்வு பெற்றதும் முகநூலுக்கு வந்தேன். முதல் மாதமே மூன்று பேரிடம் சண்டை. கேளுங்கள்.

கார்த்தி, மஞ்சக்குப்பம்: சார், நான் மரியாதையாகத்தான் பதில் போடுகிறேன். ஆனாலும் கட்சிக்காரர்கள் திட்டுகிறார்கள். என்ன செய்வது?

தம்பி, அவர் எழுதியதையும் நீங்கள் போட்ட பதிலையும் அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் என் கதை. சில்வர் பீச் கடைகளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், "அகற்ற வேண்டும்" என்று. ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று ஆரம்பித்து, அவர் கட்சி, அவர் தலைவர், தலைவரின் மகன் வரை போய் இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் அவர் கேட்டார், "ஐயா, நானும் அதைத்தானே சொல்கிறேன்?" கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தால் "வேண்டாம்" என்று இருக்கிறது. டு-வுக்கும் டா-வுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம்! பிட்மன் சுருக்கெழுத்தில் கோடு மெலிந்தால் ஒரு எழுத்து, தடித்தால் வேறு எழுத்து. அதை வைத்துப் பிழைத்தவனுக்கே இந்தக் கதி. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எதிராளி எழுதியதை என் பதிலின் முதல் வரியில் எழுதி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவது. பாதி நேரம் அந்த வரியை எழுதும்போதே தெரிந்துவிடுகிறது, அவர் அதைச் சொல்லவே இல்லை என்று.

ராஜலட்சுமி, லாஸ்பேட்டை: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா பொய்ச் செய்தியாக அனுப்புகிறார். சொன்னால் கோபம் வருகிறது.

எல்லார் முன்னாலும் சொன்னால் யாருக்குத்தான் வராது அம்மா? தனியாகப் போன் பண்ணுங்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது என் அண்ணன் ஒரு படம் அனுப்பினார், தெருவில் படகு போகிற மாதிரி, கீழே ஆட்சியைத் திட்டி நாலு வரி. எனக்குப் பார்த்ததுமே சந்தேகம். "அண்ணே, இது எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டேன். அவரே பேரனை விட்டு கூகுள் லென்ஸில் தேடச் சொன்னார். 2015 வெள்ளத்தில் எடுத்த படம். அவரே நீக்கிவிட்டார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொன்று, செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அந்த மாதிரிச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-லேயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்துவிட்டது. அம்புக்குறி இருப்பதாலேயே அது பொய் ஆகிவிடாது, ஆனால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படிக்கலாம்.

பெயர் வேண்டாம்: நீங்க எந்தக் கட்சி?

வாக்குச்சாவடியில் அந்த அட்டைத் தடுப்பு எதற்கு வைத்திருக்கிறார்கள்?

செந்தில், நெய்வேலி: என்னைத் திட்டியவர் மேல் 66ஏ பிரிவில் புகார் கொடுக்கலாமா?

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த பிரிவு அது, இப்போது கிடையாது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2012-ல் புதுச்சேரிக்காரர் ஒருவர் ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானது அந்தப் பிரிவில்தான். மிரட்டல் என்றால் அது வேறு விஷயம், வழக்கறிஞரைப் பாருங்கள். நான் எழுதியவன், வாதாடியவன் இல்லை.

பிரபு, திருப்பாதிரிப்புலியூர்: சித்தப்பா குழுவில் பொய்ச் செய்தி அனுப்புகிறார்...

ராஜலட்சுமிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முருகன், அரியாங்குப்பம்: புதுச்சேரி விடுதலை நாள் நவம்பர் 1 என்று பதிவு போட்டேன். ஒருவர் வந்து ஆகஸ்ட் 16 தான், நீ வரலாறு தெரியாத முட்டாள் என்கிறார். யார் சரி?

இரண்டு பேரும் சரி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-ல். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆக உங்கள் சண்டை தேதியைப் பற்றியதே இல்லை, "விடுதலை" என்ற சொல்லைப் பற்றியது. கொடி இறங்கியதைச் சொல்கிறீர்களா, பத்திரம் செல்லுபடியானதைச் சொல்கிறீர்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

முருகன்: முட்டாள் என்றதற்கு அவர் முதலில் மன்னிப்பு கேட்கட்டும் சார்.

சரி, 2062 வரைக்கும் காத்திருங்கள்.

வில்லியனூர் வாசகர்: எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த எட்டுப் பேரும் துரோகிகள். அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே?

அந்த எட்டுப் பேர் என்ன காரணம் சொன்னார்கள் என்று எங்கேயாவது படித்தீர்களா? படித்துவிட்டுத் திட்டினால் அது உங்கள் கருத்து. படிக்காமல் திட்டினால் நான் கண்ணாடி இல்லாமல் திட்டிய மாதிரிதான். ஓட்டுக் கேட்டால் எதிர்த்தும் விழத்தான் செய்யும். எல்லாமே ஒரு பக்கமாக விழ வேண்டுமென்றால் வாக்கெடுப்பு எதற்கு?

வில்லியனூர் வாசகர்: அப்போது நீங்கள் அவர்கள் பக்கம்.

நான் எழுதாததைப் படிக்கிறீர்கள். கண்ணாடி.

இன்னொருவர்: 2006-லேயே புதுச்சேரி என்று பெயர் மாறிவிட்டது. இன்னும் சிலர் பாண்டி என்று எழுதுகிறார்களே, இது அவமதிப்பு இல்லையா?

கடலூர் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "பாண்டி, பாண்டி" என்றுதான் கூப்பிடுகிறார். நான் ஏறிவிடுகிறேன்.

சுமதி, நெல்லித்தோப்பு: மாமனார் ஃபார்வர்டு அனுப்பிக்கொண்டே...

மேலே அம்மா, மேலே.

கார்த்தி, மஞ்சக்குப்பம்: சார், ஒட்டலாம் என்று போய் அவர் பதிவைத் திரும்பப் படித்தேன். "எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி நாலு நாளாக வரவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறார். நான் போட்ட பதில் டெல்லி வரைக்கும் போயிருக்கிறது. இங்கே ஒட்ட வெட்கமாக இருக்கிறது.

ஒட்ட வேண்டாம், விடுங்கள். அவரிடம் கேளுங்கள், வண்டி இன்றைக்காவது வந்ததா?