கோவா சந்தையில் எடை குறைந்தால் பிடிக்க வருவது யார்?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1620 வாக்கில் போர்த்துகீசியர் கோவாவில் நடக்கும் கதை எழுதுகிறேன். ரொட்டி விற்கும் பெண் எடை குறைத்து விற்று மாட்டிக்கொள்கிறாள். வைஸ்ராயின் வீரர்கள் வந்து பிடிப்பதாக எழுதலாமா?"

வேண்டாம். ரொட்டி எடை நகரசபையின் வேலை, அந்தச் சபையைக் காமரா என்பார்கள். சபை சார்பில் சந்தைக்கு வருகிறவர் அல்மொத்தசே. பெயரே அரபி, முஸ்லிம் ஆட்சியில் சந்தையைக் கவனித்த முஹ்தசிப்தான் போர்த்துகீசிய வாயில் இப்படி ஆகிவிட்டார். விலை, தராசு, இறைச்சி, மீன், தெருக்குப்பை, அடுத்த வீட்டைப் பார்த்து ஜன்னல் வைத்த தகராறு வரைக்கும் எல்லாம் இவர் தலையில்தான்.

உங்கள் கதைக்கு முக்கியமான விஷயம், இவர் நிரந்தர அதிகாரி இல்லை. 1603-இல் வந்த சட்டத்தொகுப்புப்படி மாதம் இரண்டு பேர். முதல் மாதம் போன வருஷத்து நீதிபதிகள், அப்புறம் சபை உறுப்பினர்கள், மீதி ஒன்பது மாதத்துக்கு ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒன்பது ஜோடி. நடைமுறையில் இந்தக் கெடு ஊருக்கு ஊர் மாறியது, ஆனாலும் பத்து வருஷமாக அவளை மிரட்டும் அல்மொத்தசே என்று ஒருவரை வைத்தால் ஒட்டாது. அந்த வேலைக்கு அவருடைய எழுத்தரை வையுங்கள்.

பிடிபடும் காட்சியில் தராசைக் கிட்டத்தில் காட்டுங்கள். போர்த்துகல் மன்னர் மனுவேல் 1499 முதல் வெண்கலத்தில் நியம எடைக்கற்கள் வார்த்து ஊர்களுக்கு அனுப்பினார். கிண்ணம் கிண்ணமாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், பார்க்கவே அழகு. எடை அளவுக்குப் பெயர் அர்ராத்தெல், 16 அவுன்ஸ் கொண்டது, இன்றைய கணக்கில் சுமார் 459 கிராம். வியாபாரிகள் தங்கள் கற்களை நகரசபைக் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். அவள் கல் தேய்ந்த கல்லாக இருக்கட்டுமே, வேண்டுமென்றே செய்தாளா என்பது வாசகருக்கும் தெரியாமல் இருக்கும்.

தண்டனை பெரும்பாலும் அபராதம்தான், திரும்பச் செய்தால் ஏறும். போர்த்துகீசிய நகர விதிகளில் அபராதத்தில் பாதியைக் காட்டிக்கொடுத்தவருக்குக் கொடுப்பது சகஜம். ஆகவே வீரர்களைத் தூக்கிவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைக் கொண்டு வாருங்கள்!

தண்டனைத் தூணான பெலொரீஞ்ஞோவை ஓர் ஓரமாகக் காட்டலாம், முதல் தப்புக்கே அவளை அதில் கட்டிவிடாதீர்கள். அப்புறம், கோவாவின் முக்கியக் கடைத்தெருவான ருவா திரெய்த்தாவில் நடப்பதாக இருந்தால் காலை வெயில் ஏறுமுன் வையுங்கள், ஞாயிறு வேண்டாம். மற்ற நாட்களில் காலைதான் அங்கே லெய்லாங் நடக்கும் நேரம், கூட்டம் நெரியும். நாம் சொல்லும் 'ஏலம்' அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.