டிடியில் ஓட்ட யாருக்குத் தகுதி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவில் (ஐல் ஆஃப் மேன்) நடக்கும் ‘டூரிஸ்ட் ட்ரோஃபி’ என்ற டிடி பைக் பந்தயம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகனுக்கு 22 வயது. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டுகிறான். ‘என்றைக்காவது டிடி ஓட்டுவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். எனக்குச் சில சந்தேகங்கள். மற்ற ரேஸ்களில் தகுதிச்சுற்றில் வேகமாக ஓட்டியவர் முன்வரிசையில் நிற்பார். டிடியில் ஒவ்வொருவராகத்தான் கிளம்புகிறார்கள். அப்படியானால் தகுதிச்சுற்று எதற்கு? பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா? அவனைத் தடுப்பதா, விடுவதா என்றும் தெரியவில்லை.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

பணம் கட்டினால் மட்டும் ஓட்ட முடியாது. சாதாரண ரேஸ் லைசென்ஸ் இருந்தாலும் போதாது. அந்தப் பாதைக்கென்றே ‘மவுண்டன் கோர்ஸ்’ லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். இதுவரை எங்கெங்கே ஓட்டினார், எப்படி முடித்தார் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதற்கு அப்புறமும் விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் போட்டி நடத்துபவர்கள் கையில்தான்.

தகுதிச்சுற்று எதற்கு என்ற உங்கள் கேள்விதான் முக்கியமானது. ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். 200-க்கும் மேற்பட்ட வளைவுகள். டக்ளஸ் நகரில் கிளம்பி ஊர்கள், கல் சுவர்கள், மரங்கள் நடுவே போய், ராம்சேயில் திரும்பி மலையேறி, மறுபடி டக்ளஸுக்கு இறங்கும் பாதை. எல்லாம் சாதாரண நாளில் பேருந்தும் பால் வண்டியும் போகிற பொதுச்சாலை. 10 விநாடிக்கு ஒருவராகத் தோளைத் தட்டி அனுப்புவார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். பிரபல ரைடர்கள் எந்த இடத்தில் கிளம்புவார்கள் என்பது பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும். மைக்கேல் டன்லப் என்றால் 6, பீட்டர் ஹிக்மன் என்றால் 10 என்று ரசிகர்களுக்கே எண்கள் மனப்பாடம்.

ஆகவே அங்கே தகுதிச்சுற்று முதலில் வருபவரைத் தேடுவதற்காக நடப்பதில்லை. இந்தச் சாலையில் போதுமான வேகத்தில் ஓட்டத் தெரியாதவரை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை. நீண்டகாலமாக உள்ள விதி இது: அந்தப் பிரிவில் மூன்றாவது வேகமான ரைடரின் நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், அதில் 115 சதவீதத்துக்குள் நீங்கள் ஒரு சுற்றை முடித்திருக்க வேண்டும். ஃபார்முலா ஒன்னில் முதலாமவரின் நேரத்தில் 107 சதவீதம் என்று கணக்கு. இங்கே ஏன் மூன்றாமவர்? ஒரே ஒருவர் அசாத்திய வேகத்தில் ஓட்டிவிட்டார் என்பதற்காக மற்றவர்களின் வாசல் அடைபடக் கூடாது. நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

115 சதவீதம் என்றதும் தாராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாமவர் 17 நிமிடத்தில் ஒரு சுற்று வருகிறார் என்று வையுங்கள். உங்களுக்குக் கிடைப்பது 19 நிமிடம் 33 விநாடி. அதற்குள் வர வேண்டுமென்றால் சராசரி வேகம் மணிக்கு 186 கிலோமீட்டர், அதாவது சுமார் 116 மைல். 1980-இல் மைக்கேலின் பெரியப்பா ஜோயி டன்லப் இந்தப் பாதையில் வைத்த சாதனை 115.22 மைல். அன்றைக்கு உலகமே வாய்பிளந்து பார்த்த வேகத்தைத் தாண்டினால்தான் இன்றைக்குக் கடைசி ஆளாகவாவது நிற்க முடியும். மெதுவாக ஓட்டுபவர் இங்கே தனக்கு மட்டும் ஆபத்தில்லை. பின்னால் 10 விநாடி தள்ளிக் கிளம்பியவர், பார்வைக்கு எட்டாத வளைவில் அவர்மேல் வந்து விழக்கூடும்.

ஆனால் நேரம் என்பது பாதிதான். மீதி, மனப்பாடம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். 40 நிமிடம் கிடைத்தால் உங்கள் மகன் ஒரே வளைவை இருபது முறையாவது திருத்திக்கொள்ளலாம். மேன் தீவில் அதே 40 நிமிடத்தில் இரண்டு முறை. அதுவும் சாலையை மூடுகிற சில மணி நேரத்தில் மட்டும். மலைமேல் மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. 2019-இல் தகுதி வாரத்தின் பெரும்பகுதியை மழையும் காற்றும் கொண்டுபோயின. ரைடர்கள் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள்.

அதனால்தான் புதியவர்களின் தயாரிப்பு மாதக்கணக்கில் முன்பே ஆரம்பிக்கிறது. தீவுக்கு வந்து, பழைய ரைடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரில் சுற்றுவார்கள். பைக்கில் கேமரா வைத்து எடுத்த வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்ப்பார்கள். தகுதி வாரத்தில் அவர்களுடைய முதல் சுற்று அனுபவசாலி ஒருவரின் பின்னால், கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில். மற்றவர்கள் தூரத்திலேயே அடையாளம் காணும்படி மேலே ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. ட்ராக்கில் எத்தனை கோப்பை வாங்கியவராக இருந்தாலும் அந்தச் சட்டை உண்டு.

ப்ரே ஹில் என்ற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய சில விநாடிகளில் வந்துவிடும். இருபுறமும் வீடுகள், நடைபாதைக் கல், நடுவில் சரசரவென்று இறங்கும் சாலை. முழு வேகத்தில் இறங்கி அடிவாரத்தைத் தொடும்போது சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும், ரைடரின் நெஞ்சு டேங்கில் இடிக்கும், உடனே எதிர் ஏற்றத்தில் பைக் எகிறும். காணொளியில் இது சமதளம் மாதிரி தெரியும். தகுதிச்சுற்றுகள் பல சாயங்காலத்தில் நடப்பதால் இன்னொரு தொல்லை. டக்ளஸிலிருந்து மேற்கே போகிற அந்த முதல் பகுதியில் இறங்குவெயில் நேராக முகத்தில் அடிக்கும், மரங்களுக்குள் நுழைந்தால் திடீரென்று இருட்டும். கண் சொல்வதை நம்பி அங்கே திரும்ப முடியாது. அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மகன் பீட்டர் ஹிக்மனை உதாரணம் காட்டுவான். 2014-இல் முதல் தடவை வந்தபோதே 129 மைல் சராசரியில் சுற்றியவர், 2023-இல் 136.358 மைல் என்ற சாதனையை வைத்தவர். க்ளென் இர்வின் 2022-இல் புதியவராக வந்து, ஹிக்மனின் அந்த முதல் வருட வேகத்தைவிடக் கூட ஓட்டினார். சரி, ஆனால் இருவரும் பிரிட்டிஷ் சூப்பர்பைக் என்ற அந்நாட்டு ட்ராக் பந்தயத் தொடரில் பழுத்துவிட்டு வந்தவர்கள். அவர்களை அளவுகோலாக வைப்பது தவறு.

இனி, ஒரு தகப்பனிடம் மறைக்கக் கூடாத விஷயம். இந்தப் பாதையில் இதுவரை 260-க்கும் மேற்பட்ட ரைடர்கள் இறந்திருக்கிறார்கள். தகுதிச்சுற்று வெறும் ஒத்திகை என்று நினைத்துவிட வேண்டாம். டேன் நீன் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். அதே பாதையில் நடக்கும் இன்னொரு பந்தயமான மேங்க்ஸ் கிராண்ட் பிரீயில் ஜெயித்து, படிப்படியாக டிடிக்கு வந்தவர். 2018-இல், 30 வயதில், தகுதிச்சுற்றில்தான் இறந்தார். சாலையை அறிந்தவரையும் அந்தச் சாலை விடவில்லை. இதை வீரக்கதையாகச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

தடுப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்காதீர்கள், ஆனால் படிகளைக் கேளுங்கள். முதலில் ட்ராக்கில் தேசிய அளவில் நிலைக்கட்டும். அப்புறம் அயர்லாந்திலோ மேன் தீவின் ‘சதர்ன் 100’-இலோ சாலைப்பந்தயத்தைப் பழகட்டும். அதற்கு அடுத்து, டிடி நடக்கும் அதே பாதையில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் மேங்க்ஸ் கிராண்ட் பிரீ. டிடி அதற்கும் பிறகு. 22 வயதுக்கு இதில் அவசரமே இல்லை. ஜோயி டன்லப் 2000-இல் ஒரே வாரத்தில் மூன்று டிடி ஜெயித்தபோது அவருக்கு வயது 48.

முடிந்தால் ஒருமுறை இருவரும் போய்வாருங்கள். பந்தய வாரத்தைவிடத் தகுதி வாரம் நல்லது. சாலை திறந்திருக்கும் காலை வேளையில் வாடகைக்கார் எடுத்து முழுச்சுற்றும் வாருங்கள். நீங்கள் ஓட்டுங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து வரும் வளைவையும் அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வரட்டும். எங்கே தடுமாறுகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் மலைச்சாலை ராம்சேயிலிருந்து டக்ளஸ் பக்கமாக ஒருவழிதான், அதனால் பந்தயம் போகும் திசையிலேயே போகலாம்.

அன்புடன்.