செஸ்ஸில் எதிராளி மந்திரியை (பிஷப்) எச்6 கட்டத்துக்குக் கொண்டுவந்தால், நம் ஜி7 மந்திரியை அதோடு வெட்டி மாற்றிக்கொள்ளலாமா?

நீங்கள் கறுப்பில் சிசிலியன் டிராகன் என்ற தொடக்க ஆட்டமுறையை ஆடுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை ஈ3-ல் மந்திரி, டி2-ல் ராணி என்று நிறுத்தியதும் எல்லாருக்கும் வரும் சந்தேகம்தான் இது.

ராணிகள் பலகையில் இருக்கும்வரை நான் அவ்வளவு சுலபத்தில் கொடுக்க மாட்டேன். சிப்பாயை ஜி6-க்குத் தள்ளியபோதே எஃப்6, எச்6 இரண்டும் ஓட்டையாகிவிட்டன. அவற்றை அடைத்துக்கொண்டிருப்பது அந்த மந்திரிதான். அது போனால் வெள்ளை ராணி எச்6-ல் வந்து உட்காரும், எச் சிப்பாய் முன்னேறி வரிசையைத் திறக்கும், அப்புறம் எச்7-ல் மேட், ஆட்டம் முடிந்தது.

ஒரு போட்டியில் என்னைவிட ரேட்டிங் அதிகம் உள்ளவர் இதைத்தான் செய்ய வந்தார். நான் முன்கூட்டியே எஃப்8 யானையை (ரூக்) ஈ8-க்கு நகர்த்தி வைத்திருந்தேன். அது எஃப்8-லேயே இருந்தால் மந்திரி விலகியதும் யானை வெட்டுப்படும். அவர் எச்6-க்கு வந்தார், நான் மந்திரியை எச்8 மூலைக்கு இழுத்துக்கொண்டேன். பக்கத்துப் பலகைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் என் இன்னொரு யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டினேன். பிறகு எஃப்6 குதிரை ஈ4-ல் பாய்ந்தது, அவர் அதைச் சிப்பாயால் வெட்டினார். மூலையில் கிடந்த மந்திரி ஒரே பாய்ச்சலில் சி3-க்கு வந்து டி2 ராணியைத் தாக்கியது. அவருடைய ராஜாவுக்கு மறைப்பே இல்லாமல் போனது.

இன்ஜினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில், போட்டால் வெள்ளைக்கு நல்ல பதில் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். இன்ஜினுக்குக் கடிகாரம் ஓடுகிற பதற்றம் கிடையாது.



சரி, விதிவிலக்குக்கு வருகிறேன். கிங்ஸ் இந்தியன் என்ற இன்னொரு தொடக்க ஆட்டமுறையில் ஈ5, டி6 சிப்பாய்கள் நின்று மையம் அடைபட்டுவிட்டால் ஜி7 மந்திரிக்கு வேலை குறைவு. அப்போது நானே எச்6-க்குப் போய் வெள்ளையின் கறுப்புக் கட்ட மந்திரியோடு மாற்றிக்கொள்வேன், என் ராஜா பக்கம் தாக்குதல் எதுவும் வரவில்லை என்றால். ராணிகள் வெட்டுப்பட்டுவிட்டாலும் பெரிதாக யோசிக்க மாட்டேன். சி3 குதிரையை வெட்டி எதிராளியின் சிப்பாய்களை ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக இரட்டையாக்குவதும் உண்டு. ஆனால் அதற்கு மையம் மூடியிருக்க வேண்டும், கையில் இரண்டு குதிரைகளும் இருக்க வேண்டும்.