ஞானஸ்நானத்துக்கு மனதை ஆயத்தப்படுத்துவது எப்படி? – கேள்வி பதில்

சபையில் ஞானஸ்நான ஆயத்த வகுப்பு எடுத்து வருகிறேன். தண்ணீரில் முழுக்குவதா, தண்ணீரைத் தெளிப்பதா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. உள்ளத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அண்ணா, அடுத்த மாதம் எனக்கு ஞானஸ்நானம். கூட இருப்பவர்கள் எல்லாரும் அழுது ஜெபிக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தள்ளிப்போடலாமா?

அழுகை வரவில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம் தம்பி. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய மந்திரி அழுததாக எங்கும் எழுதவில்லை. ஏசாயா புத்தகத்தை வாசித்தார், புரியாததைச் சுவிசேஷகர் பிலிப்புவிடம் கேட்டார், கேட்டதை நம்பினார், தண்ணீரைக் கண்டதும் "தடை என்ன?" என்றார். சந்தோஷம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

இயேசு எனக்காக மரித்து உயிர்த்தார் என்று நம்புகிறேனா? இனி அவர் சொல்கிறபடி வாழச் சம்மதமா? இதைத்தான் உங்களை நீங்களே கேட்க வேண்டும். இரண்டாவதில் தயக்கம் இருந்தால், எந்த விஷயத்தில் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: ஐயா, ஒரு கெட்ட பழக்கத்தை விட முடியவில்லை. அதை ஜெயித்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருக்கிறேன்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல், சாகும் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு பாவம் செய்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் அந்தக் காலத்தில் பலர் அப்படித் தள்ளிப்போட்டார்கள். ஜெயித்து முடித்துவிட்டு வருவதற்கு இது என்ன பட்டமளிப்பு விழாவா? ரோமர் 6 சொல்வது பழைய மனுஷனின் அடக்கத்தையும் புது வாழ்வின் தொடக்கத்தையும்.

ஆனால் போராடி விழுவது வேறு, விட மனமே இல்லாமல் ஒளித்து வைப்பது வேறு. போராடுகிறவர் தாராளமாக வரலாம். ஒளித்து வைப்பவர் முதலில் போதகரிடமோ நம்பிக்கையான மூத்த விசுவாசி ஒருவரிடமோ வாய் திறந்து சொல்லட்டும். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: உபவாசம் கட்டாயமா? எனக்குச் சர்க்கரை நோய்.

வேதத்தில் அப்படிக் கட்டளை இல்லை. 'டிடாக்கே' என்ற ஆதிச்சபை நூல், ஞானஸ்நானம் பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பு உபவாசிக்கட்டும், கொடுக்கிறவரும் முடிந்த மற்றவர்களும் சேர்ந்துகொள்ளட்டும் என்கிறது. ஆளைத் தனியாக விடாத அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்கள் மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள். உங்களுக்காக இன்னொருவர் உபவாசித்து ஜெபிக்கட்டும்.

கேள்வி: சகோதரரே, சொந்த அண்ணனோடு எனக்குப் பேச்சு இல்லை. தப்பு அவர் மேல்தான். இதற்கும் ஞானஸ்நானத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நிறையவே உண்டு. லூக்கா 3-இல் ஞானஸ்நானம் பெற வந்த ஜனங்கள் யோவான் ஸ்நானகரிடம் "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். பதிலில் தியானமோ தரிசனமோ இல்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. வரி வசூலிப்பவனே, கூடுதலாக வாங்காதே. போர்ச்சேவகனே, யாரையும் மிரட்டாதே, சம்பளம் போதும் என்றிரு. மனந்திரும்புதல் என்றதும் யோவான் கைகாட்டியது அவரவர் பணப்பையையும் நடத்தையையும்தான்.

ஆதிச்சபையும் இதே கண்ணோடுதான் பார்த்தது. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் 'அப்போஸ்தலிக்க மரபு' என்ற நூலில், ஆயத்தக் காலம் மூன்று ஆண்டு. ஒருவர் ஆர்வமாக இருந்தால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. கடைசியில் விசாரிப்பதும் வாழ்க்கையைத்தான்: விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா?

சரி, அண்ணன் விஷயம். தப்பு அவர் மேலேயே இருக்கட்டும். உங்கள் பக்கம் இருக்கும் கசப்பை நீங்கள் இறக்கி வைக்கலாமே. ஒரு போன் போடுங்கள். "நான் சொன்ன வார்த்தைகளுக்கு மன்னித்துவிடுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனாலும் நீங்கள்..." என்று ஆரம்பித்தால் பழைய சண்டைதான். அவர் போனை வைத்துவிட்டால் அது உங்கள் கணக்கில் வராது. எல்லாரோடும் சமாதானமாக இருக்கச் சொல்லும்போது, "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12 சொல்கிறது. ஒன்று, அவர் கொடுமைக்காரராக இருந்து நீங்கள் விலகி இருந்தால் நேரில் போய் நிற்க வேண்டாம். போதகரிடம் கலந்து பேசுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். உள்ளதைப் போதகரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல போதகர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவகாசம் கொடுப்பார்.

கேள்வி: சாட்சி சொல்லச் சொல்கிறார்கள் அண்ணா. நான் சின்ன வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவள். சொல்ல பெரிய கதை எதுவும் இல்லையே?

அப்போஸ்தலர் 16-ஐப் பாருங்கள் தங்கச்சி. சிறைச்சாலைக்காரனுக்குப் பூமியதிர்ச்சி தேவைப்பட்டது. அதே அதிகாரத்தில் லீதியாள் பவுல் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார், அவ்வளவுதான். ஞானஸ்நானம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எப்போது இது அப்பா அம்மாவின் விசுவாசமாக மட்டும் இல்லாமல் உங்களுடையதாகவும் ஆனது என்பதை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள், இரண்டு மூன்று நிமிஷம் போதும். அடுத்தவர் செய்த தப்பைப் பெயர் சொல்லி மேடையேற்ற வேண்டாம்.