பழைய சமையலறை: அடுப்பை நகர்த்துங்கள், சிங்கை விட்டுவிடுங்கள்

கேள்வி: வீடு கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சமையலறை 11 அடிக்கு 8 அடி, ‘எல்’ வடிவ மேடை. 8 அடிச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே சிங்க்; 11 அடிச் சுவரின் கடைசியில், கதவை ஒட்டி அடுப்பு. ஃபிரிட்ஜ் ஹாலில் நிற்கிறது. மேடை தாழ்வு, முதுகு வலிக்கிறது. பகலிலும் இருட்டு. சிங்கை எதிர்ச்சுவருக்கு மாற்றி, சாப்பாட்டு அறைச் சுவரை இடித்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்கிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். அவ்வளவு இடிக்காமல் புதுப்பிக்க வழி உண்டா? எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டுமா?

பதில்: வழி உண்டு. கான்ட்ராக்டர் சொன்ன இரண்டையுமே நான் செய்யமாட்டேன்.

முதலில் சிங்க். குழாயில் தண்ணீர் கொண்டுவருவது பெரிய விஷயமில்லை, கழிவுநீரை வெளியேற்றுவதுதான் சிக்கல். கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. வாட்டம் (சரிவு) வேண்டும். எதிர்ச்சுவருக்குப் போனால் தரையைக் கொத்தி, மூன்று நான்கு மீட்டர் குழாய் ஓட்டி, அவ்வளவு தூரத்துக்கும் வாட்டம் கொடுக்க வேண்டும். தரைக்குள் அதற்கான ஆழம் பெரும்பாலும் இருக்காது. வாட்டம் குறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கு வழியிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். ஜன்னலடியில் வெளிச்சமும் காற்றும் இருக்கின்றன. சிங்குக்கு அதைவிட நல்ல இடம் இந்த அறையில் இல்லை. குழாய்களை மட்டும் மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து இரும்புக் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு ஏறிப் பாதி அடைபட்டிருக்கலாம்.

நகர வேண்டியது அடுப்பு. இப்போது நீங்கள் சிங்கில் கழுவி, எங்கோ நறுக்கி, அறையின் மறுகோடிக்கு நடக்கிறீர்கள். சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் ‘வேலை முக்கோணம்’ என்ற கணக்கு 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி என்பார்கள். ஒருவர் தனியாகச் சமைப்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. அங்குலம் பிசகாமல் பின்பற்றத் தேவையில்லை. என்னைக் கேட்டால் முக்கோணத்தைவிட முக்கியமானது, சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் தடையில்லாமல் கிடைக்கும் 3 அடி மேடை. சமையல் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. பழைய சமையலறைகளில் இல்லாததும் அதுதான்.

உங்கள் 11 அடிச் சுவரை இப்படிப் பிரித்துப் பாருங்கள். மூலையில் 2 அடி, ஜன்னல் பக்க மேடையின் அகலத்துக்குப் போய்விடும். அடுத்த 3 அடி வெறும் மேடை. நறுக்க, பிசைய, அரிந்ததை வைக்க. அதன்பின் 2 அடியில் அடுப்பு. அதைத் தாண்டி ஒன்றேகால் அடி, சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க. பிறகு இரண்டரை அடியில் ஃபிரிட்ஜ் உள்ளே வந்துவிடும், கால் அடி மிச்சம். அடுப்பின் நடுவிலிருந்து ஃபிரிட்ஜின் நடுவரை அளந்தால் மூன்றரை அடிதான் வரும். முக்கோணக் கணக்குக்குக் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. உள்ளே கொண்டுவரும் முன் ஃபிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் பாருங்கள். கேஸ் இணைப்பை நீட்டுவதை உரிமம் பெற்றவரிடமே விடுங்கள்; பிளம்பர் ‘நானே செய்துவிடுகிறேன்’ என்றாலும் வேண்டாம்.

இந்த 11 அடிச் சுவருக்கு எதிரே உள்ள சுவர் காலியாக இருக்கட்டும் என்று விடவேண்டாம். மேடை 2 அடி போக 6 அடி அகலம் மிஞ்சுகிறது. இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் வேலை செய்ய 4 அடி போதும். ஆகவே அங்கே தரையிலிருந்து மேலே வரை, ஒரே ஒரு அடி ஆழத்தில் அலமாரி அடியுங்கள். ஆழமான அலமாரியில் பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு அடி என்றால் ஒரே வரிசை, எல்லாம் கண்ணில் படும். சாப்பாட்டு அறைச் சுவரை இடிப்பதைவிட இதில் லாபம் அதிகம். அந்த வயதுக் கட்டடங்களில் உள்சுவர் கூடக் கூரையின் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்; கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அதில் சுத்தியல் படக் கூடாது. பரணும் அப்படித்தான். லிண்டலோடு (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் உத்தரம்) சேர்த்து வார்த்த பரணாக இருந்தால் உடைக்கவேண்டாம், முகப்புக்குக் கதவு போட்டு மூடிவிடுங்கள்.

நான் உடைக்கச் சொல்லும் ஒரே பொருள் மேடைக்கல். முதுகுவலிக்குக் காரணம் அதுதான். வீட்டில் அதிகம் சமைப்பவர் செருப்போடோ வெறுங்காலோடோ, வழக்கமாக நிற்கிறபடி நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். அதுதான் மேடையின் உயரம். முழங்கை 39 அங்குலத்தில் இருந்தால் மேடை 33 முதல் 35க்குள். அடுப்பு மேடைமேல் வைக்கிற வகை என்றால் அதன் உயரமும் பாத்திரத்தின் உயரமும் கூடும் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று அங்குலம் இறக்கலாம். உயரத்தைத் திருத்தும்போதே அகலத்தையும் 24 அங்குலம் ஆக்கிவிடுங்கள். கிரானைட் எடுத்தால் மெல்லிய துளைகளை அடைக்க சீலர் பூச வேண்டும், அவ்வப்போது மறுபடியும். குவார்ட்ஸ் எளிதில் கறை பிடிக்காது, ஆனால் சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் கெடும். எந்தக் கல்லானாலும் வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாதீர்கள். கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல.

இருட்டுக்கு வருவோம். கூரை நடுவில் ஒற்றை விளக்கு இருந்தால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. கத்தி போகிற இடத்தில் உங்கள் நிழலே விழும். அதிக வாட் பல்பு போட்டாலும் நிழல் மறையாது. மேல் அலமாரியின் அடியில், சுவரை ஒட்டி அல்ல, முன் விளிம்பை ஒட்டி எல்.இ.டி. பட்டை ஓட்டுங்கள். ஒளியின் நிறம் 3000 முதல் 4000 கெல்வின்; நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கான சி.ஆர்.ஐ. அளவு 90க்குக் குறையாமல். புதுப்பித்ததிலேயே பளிச்சென்று தெரியப்போவது இதுதான், செலவோ ஆகக் குறைவு.

சுவர் டைல்ஸை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் அதன்மேலேயே பசை வைத்துப் புது டைல்ஸ் ஒட்டலாம். பொள்ளென்று கேட்கிற இடத்தைப் பெயர்த்தே ஆக வேண்டும். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்குகளை எபாக்ஸி கிரவுட்டால் அடைத்தால் மஞ்சள் கறை எளிதில் ஏறாது. டைல்ஸ்மேல் அடிக்கிற பெயிண்ட், தண்ணீர் படாமல் தள்ளி இருக்கிற சுவருக்குச் சரி; சிங்க் பக்கம் உரிந்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உலர்வாகத் தேய்க்கவேண்டாம்.

அலமாரிச் சட்டம் உறுதியாக இருந்தால் கதவுகளை மட்டும் மாற்றுங்கள். சிங்குக்குக் கீழே துகள்பலகை (பார்ட்டிகிள் போர்டு) வேண்டவே வேண்டாம். ஒருமுறை நனைந்தால் உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் பிளைவுட் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை, ஆனால் சுவருக்குள் போகிறவற்றைப் பிரிக்கக் கூடாது. குழாய், ஒயரிங், மேடை, டைல்ஸ் இவை ஒரே கட்டம். ஓவனுக்கும் மைக்ரோவேவுக்கும் தனித்தனி மின் லைன், எல்லா பிளக்குக்கும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான். பூசும் முன், சுவரில் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்துவையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அது சொல்லும். கீழ் அலமாரிகளை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டால் நஷ்டமில்லை. அதுவரை திறந்த தட்டுகளில் சாமான்களை வைத்துப் புழங்குங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே டிராயர், மற்ற இடத்தில் கதவு என்று தச்சரிடம் அப்போது சொல்லலாம்.